முப்பத்தொன்றாம் நம்பர் வாஷர்

என் அப்பாவின் தங்கை பதினாறு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கிச் சம்பாதித்தாள். சமையலறைச் சாமான்கள் செய்கிற ஒரு கம்பெனியில் போனில் புகார் கேட்கும் வேலை. அதிலும் அத்தையின் பொறுப்பு ஒரே ஒரு சாமான்தான். கேக்குக்கு அடிக்கவும் ரொட்டிக்கு மாவு பிசையவும் வைத்திருப்பார்களே, தலையும் கழுத்துமாக மேடைமேல் நிற்கும் ஸ்டாண்ட் மிக்சர், அது.

அவள் வேலை பார்த்த ஐந்தாவது மாடியில் அந்த மிக்சர் ஒன்றுகூடக் கிடையாது. மேஜைமேல் ஒரு படப் புத்தகம் இருக்கும். மிக்சருக்குள் இருப்பதையெல்லாம் கழற்றிக் காற்றில் பறக்கவிட்டது போல வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் போட்ட புத்தகம். அதைப் பார்த்துக்கொண்டேதான் அத்தை கேள்வி கேட்பாள். சத்தம் முன்பக்கத்திலிருந்து வருகிறதா, பின்பக்கத்திலிருந்தா? கருகல் வாசனை உண்டா? மோட்டார் ஓடியும் கொக்கி சுற்றாமல் நிற்கிறதா? போனை மிக்சர் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, அந்த உறுமலை வைத்தே மோட்டாரின் கார்பன் துண்டு தேய்ந்ததா, பல்சக்கரம் போனதா என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் அசந்துபோவார்கள்.

அவளுக்குக் குரல் அப்படி. எவ்வளவு கத்திக்கொண்டு வந்தவர்களும் இரண்டு நிமிஷத்தில் தணிந்து, ‘சரிம்மா, நீங்க சொன்னா சரி’ என்று வைத்துவிடுவார்கள். ஆபீசில் அவளுக்குச் ‘சர்க்கரை’ என்று பெயர். வீட்டில் அந்தச் சர்க்கரை கிடைக்காது. சாயங்காலம் வந்தால் குரலை ஆபீசிலேயே செலவழித்துத் தீர்த்துவிட்டவள் மாதிரி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். “ஊருக்கெல்லாம் சர்க்கரை, நமக்கு உப்புகூட மிச்சமில்லை” என்று அம்மா சொல்வாள். அப்பா சிரிப்பார். அத்தையும் சிரித்து வைப்பாள்.

அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு மூன்று இடம் வந்து, ஒன்று வேலையை விடச் சொன்னதால் போயிற்று, மற்றவை சொல்லாமலே போயின. எங்கள் வீட்டுப் பின்னறையில் நானும் அவளும் இருந்தோம். அம்மாவுக்கும் அவளுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. ஒரே குடையில் நனையாமல் போக முயலும் இரண்டு பேர் போல, இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள்.

அம்மா வீட்டிலிருந்தே பன்னும் ரொட்டியும் கேக்கும் செய்து இரண்டு கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். முதலில் கையால் பிசைந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்பு அத்தை தன் கம்பெனி மிக்சரை ஊழியர் சலுகையில் வாங்கிவந்து சமையலறை ஜன்னலோரம் வைத்தாள். அன்றைக்கு அம்மா அவளைச் சாப்பிட உட்காரவைத்துத் தானே பரிமாறினாள். அந்த மெஷினை அம்மா துடைக்கிற அழகே தனி. உறை தைத்துப் போட்டிருந்தாள். அவளைத் தவிர யாரும் தொடக் கூடாது, வாங்கிவந்தவள் உட்பட.

போன வருஷம் கம்பெனி ஐந்தாவது மாடியைக் காலி செய்தது. கூப்பிடுகிறவர்களுக்கு இனிமேல் பதிவு செய்த குரல் பதில் சொல்லும் என்றார்கள். அந்தக் குரல் அத்தையுடையதுகூட இல்லை, யாரோ ஒரு பெண்ணுடையது. அத்தை தண்ணீர் பாட்டில், சால்வை, அந்தப் படப் புத்தகம் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஐம்பது வயதுக்கு இரண்டு குறைவு. வந்த முதல் வாரம் எல்லோரும் அவளை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். இரண்டாவது மாதம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மெஷின் நின்றது.

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆண்டு விடுமுறை என்பதால் அன்று வீட்டில் இருந்தேன். காலையில் அம்மா பன் மாவைப் போட்டு ஓடவிட்டிருந்தாள். திடீரென்று பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம், பிறகு வெறும் உறுமல். மோட்டார் ஓடுகிறது, கொக்கி மாவுக்குள் அப்படியே நிற்கிறது. அம்மா அணைத்துவிட்டுக் கம்பெனி நம்பரைக் கூப்பிட்டாள். பதிவு செய்த குரல் ஒன்றை அழுத்தச் சொன்னது, மூன்றை அழுத்தச் சொன்னது. கடைசியில், அளவுக்கு மேல் மாவு போட்டால் இப்படி ஆகும், அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை, அழைத்ததற்கு நன்றி என்றது.

சத்தம் கேட்டு அத்தை சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள். பதினாறு வருஷப் பழக்கம், வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

“மாவு கொஞ்சம் கூடுதலா போட்டுட்டீங்களா, அண்ணி?”

அம்மா திரும்பினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேடைமேல் இருந்த தராசை எடுத்து அத்தை முன்னால் வைத்தாள்.

“ஆறு வருஷமா இதுல நிறுத்துதான் போடறேன். கிராம் கணக்கா. ஒரு நாள்கூடக் கண்ணால அளந்து போட்டதில்ல. நீ இந்த வீட்டுலதான இருக்க, பார்த்ததே இல்லையா?”

அத்தை தராசையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அம்மா மாவை எடுத்துப் பலகையில் கொட்டிக் கையால் பிசையத் தொடங்கினாள். கடைகளுக்குப் பன் போய்த்தான் ஆக வேண்டும். மூன்று நாளில் அவள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு பிசைந்தாள். ஒவ்வொரு குத்துக்கும் பலகை அதிர்வது பின்னறை வரை கேட்டது. அத்தை அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள்.

நான்காம் நாள் அவள் அம்மாவிடம் போய், மெஷினைத் தான் பிரித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள்.

“நின்னு போனதுதான். இனிமே புதுசா என்ன கெட்டுடப்போகுது, பிரி” என்றாள் அம்மா.

கூடத்தில் பழைய செய்தித்தாள்களை விரித்து மெஷினைத் தூக்கிவைத்தோம். எனக்குக் கொடுத்த வேலை, ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் போனில் படம் எடுப்பது. கழற்றிய திருகாணிகள் கலந்துபோகக் கூடாது என்று அத்தை அம்மாவின் கப் கேக் தட்டை எடுத்து, குழிக்கு ஒரு வகையாகப் போட்டாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எந்த மூடி எங்கே திறக்கும் என்று அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் திருப்புளியை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரியாது. முதல் திருகாணியின் தலையை வழுக்கவிட்டுவிட்டாள். அப்புறம் ஒரு ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருப்பினாள். “எத்தனை பேருக்கு இந்த ரப்பர் பேண்ட் விஷயத்தைச் சொல்லியிருப்பேன், நான் பண்றது இதுதான் முதல் தடவை” என்றாள்.

பிளக்கை எடுத்துவிட்டுத்தான் தொடங்கினாள். முதலில் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு மூடிகளைத் திறந்து கார்பன் துண்டுகளை வெளியே எடுத்துப் பார்த்தாள். நகம் அளவுக்கு நீளம் இருந்தது, தேயவில்லை. மோட்டாரில் குறை இல்லை. அப்படியானால் தலைக்குள்தான். கொக்கி மாட்டும் வளையத்தைத் தாங்கிய ஊசியைத் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. அதற்கென்று இருக்கும் கருவி எங்களிடம் இல்லை. ஒரு பெரிய ஆணியின் நுனியைத் தரையில் தேய்த்துத் தட்டையாக்கி, அதை வைத்துத் தட்டினாள். ஊசி பொசுக்கென்று கீழே விழுந்தது. பிறகு தலையின் மேல் பாதியைத் தூக்கினோம். உள்ளே கறுத்துப்போன கிரீஸ், களிமண் மாதிரி. கரண்டியால் வழித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்த்தோம். கூடம் முழுவதும் நாற்றம். கிரீஸுக்கு அடியிலிருந்து அந்தப் பல்சக்கரம் வெளியே வந்தது.

அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு என்ன தெரியும். பல் போன சக்கரம், அவ்வளவுதான் எனக்கு. அவள் விளக்கினாள். மாவு அதிகமாகி மெஷின் திணறினால், மாட்டிக்கொண்ட இடத்தில் இரண்டு மூன்று பற்கள் அடியோடு பெயர்ந்துவிடும், மற்றவை முழுசாக இருக்கும். இந்தச் சக்கரத்தில் ஒரு பல்கூடப் பெயரவில்லை. எல்லாப் பற்களும் மேல் பாதி மட்டும் தேய்ந்து சரிந்திருந்தன. கீழ் பாதி புத்தம் புதிது. அதாவது சக்கரம் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. மோட்டார்த் தண்டின் திருகு முதல் நாளிலிருந்தே பாதிப் பல்லைத்தான் பிடித்து ஓடியிருக்கிறது. சக்கரம் உட்காரும் தண்டைக் கையால் அசைத்தாள். மேலும் கீழும் லேசாக ஆடியது. நடுவில் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

எழுந்து போய்ப் படப் புத்தகத்தை எடுத்துவந்தாள். விரலை வைத்துக்கொண்டு படித்தாள். முப்பது, தண்டு. முப்பத்திரண்டு, பல்சக்கரம்.

“முப்பத்தொண்ணு எங்க?” என்று கேட்டேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பழைய புத்தகத்தில் முப்பத்தொன்று இருந்தது, ஒரு மெல்லிய வாஷர் என்றாள். வாய்ப்பாடு மாதிரி எல்லா நம்பரையும் மனப்பாடம் செய்தவள் அவள். எட்டு வருஷத்துக்கு முன்பு புதுப் புத்தகம் வந்தபோது அந்த நம்பர் இல்லை. சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறாள். அச்சுப் பிழை, விட்டுவிடு என்றார். விட்டுவிட்டாள். வாஷரையே எடுத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஐந்தாவது மாடியில் கழற்றிப் பார்க்க மெஷினும் இல்லை.

மறுநாள் இரண்டு பேரும் உதிரிபாகக் கடைகளுக்கு அலைந்தோம். பல்சக்கரம் கிடைத்தது, புது கிரீஸ் கிடைத்தது. வாஷர் எந்தக் கடையிலும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அத்தை இடைவெளியில் காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி, எத்தனை காகிதம் பிடிக்கிறது என்று பார்த்துக் கனத்தைக் கண்டுபிடித்தாள். சைக்கிள் கடையில் ஒரு வாஷர் வாங்கி, உப்புத்தாளில் வைத்து இரண்டு மணி நேரம் தேய்த்தாள். போட்டுப் பார்ப்பாள், எடுப்பாள், மறுபடி தேய்ப்பாள். கடைசியில் தண்டு ஆடாமல் உட்கார்ந்தது. கிரீஸைப் பூசி மூடி, ஊசியை அடித்து, என் போனில் இருந்த படங்களைப் பின்னாலிருந்து முன்னாகப் பார்த்து எல்லாவற்றையும் மாட்டினோம்.

அம்மா தராசில் நிறுத்து மாவைப் போட்டாள். மெஷின் ஓடியது. இந்த ஆறு வருஷத்தில் ஒருநாளும் அவ்வளவு சத்தமில்லாமல் ஓடியதில்லை. அம்மா அதன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப என்னால இல்ல.”

“இல்ல அண்ணி.”

“என்னால இல்லன்னு எனக்குத் தெரியும்.” அம்மா மாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இதே கேள்விய எத்தனை பொம்பளைங்களக் கேட்டிருப்ப?”

அத்தை கையைக் கழுவப் போய்விட்டாள். கிரீஸ் போக எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைவிட நிறைய நேரம் கழுவினாள்.

அன்று மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கும்போதுதான் ஒரு சமையல்காரம்மாவைப் பற்றி என்னிடம் சொன்னாள். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் சமையல். மூன்று வாரத்தில் பதினோரு முறை கூப்பிட்டாளாம். தினமும் ரொட்டிக்கு மாவு பிசைந்த மெஷின் நின்றுபோயிற்று. வார்டன், நீ கெடுத்தாயா மெஷின் கெட்டதா என்று கம்பெனியே சொல்லட்டும் என்றிருக்கிறார். அந்தம்மா அத்தையிடம் கேட்டதெல்லாம், ‘இவள் தப்பு இல்லை’ என்று ஒரு வரி. ‘தராசுல வச்சுத்தாம்மா போடறேன்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறாள்.

புகாருக்குப் புகார் ஒரு எண் போட வேண்டும். நான்கு என்றால் தயாரிப்பில் கோளாறு. ஏழு என்றால் உபயோகித்தவர் தவறு. பல்சக்கரம் போனால் ஏழுதான் என்பது மேலிடத்து உத்தரவு. நான்கு அதிகமாகப் போடுகிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அத்தை ஏழு போட்டாள். கடிதம் விடுதிக்குப் போயிற்று. அந்த மாதத்துச் சிறந்த ஊழியர் என்று அத்தையின் படத்தைச் சுவரில் மாட்டினார்கள்.

“கடைசியா ஒரு தடவை கூப்பிட்டாங்க. வேலை போயிடுச்சுன்னு சொன்னாங்க. திட்டல. ‘உங்க குரல் நல்லா இருக்கும்மா, அதனாலதான் நம்பிட்டேன்’னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.”

ஏழு வருஷமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தம்மா பொய் சொல்கிறாள், எல்லோரும் தராசு என்றுதான் சொல்வார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அம்மா அதே வார்த்தையைச் சொன்னபோது அந்தச் சமாதானம் கலைந்துவிட்டது.

பதினோரு முறை தட்டச்சு செய்த விலாசம் அவளுக்கு மறக்கவில்லை. அடுத்த வாரம் என்னையும் அழைத்துக்கொண்டு விடுதிக்குப் போனாள். ஆபீஸ் அறையில் இருந்த பெண்ணிடம், தான் வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரி என்று சொல்லி, அந்தம்மா இப்போது எங்கே என்று விசாரித்தாள். சமையலறையில் கேட்டுவந்து சொன்னார்கள். நான்கு தெரு தள்ளி ஒரு பெரிய ஆபீஸ் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாளாம்.

மூன்று மணிக்குப் போனோம். கேன்டீனின் பின்பக்கம், சிமென்ட் தொட்டி, வரிசையாகக் குழாய்கள். ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய பாத்திரத்துக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. அறுபதுக்கு மேல் இருக்கும். குள்ளமான உருவம், இடுப்பில் பிளாஸ்டிக் ஏப்ரன், ரப்பர் செருப்பு.

“வணக்கம்மா. உங்களப் பார்க்கத்தான் வந்தோம்” என்றாள் அத்தை.

அவள் பாத்திரத்திலிருந்து தலையை எடுத்தாள். குழாயை மூடினாள். அத்தையின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

“மெஷின் கம்பெனி அம்மாவா?”

அத்தை தலையாட்டினாள். பிறகு மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோயிருந்த தேய்ந்த சக்கரத்தை எடுத்துக் காட்டினாள். அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். பற்களை விரலால் தடவினாள். தங்கள் மெஷினும் இப்படித்தான் இருந்திருக்குமா என்று கேட்டாள். அந்தக் காலத்தில் வந்ததெல்லாம் இப்படித்தான், உங்கள் தவறு இல்லை, என் தவறு என்றாள் அத்தை.

அந்தம்மா விடுதியை விட்டபிறகு நடந்ததைச் சொன்னாள். அழுகையோ கோபமோ இல்லை, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். இரண்டு இடத்தில் சமையலுக்குக் கேட்டிருக்கிறாள். அவர்கள் விடுதியில் விசாரித்திருக்கிறார்கள்.

“மெஷினக் கெடுத்தவன்னு பேர் வந்துட்டா அடுப்படியில யாரு விடுவா? பாத்திரம் கழுவறதுக்குத்தான் யாரும் விசாரிக்க மாட்டாங்க.” சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “நான் இங்க இருக்கேன்னு யாரு சொன்னது?”

“விடுதியில கேட்டோம்.”

“என்னன்னு சொல்லிக் கேட்டீங்க?”

அத்தை சற்றுத் தயங்கினாள். “சொந்தக்காரின்னு.”

“இதை அங்க காட்டலையா?”

அத்தை சக்கரத்தைக் கைக்குட்டைக்குள் வைத்து மூடினாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த ஆபீஸ் அறையில் பத்து நிமிஷம் நின்றிருந்தோம். கைக்குட்டை அத்தையின் பையில்தான் இருந்தது.

“நான் தப்புப் பண்ணலன்னு எனக்குத் தெரியும்மா. அன்னிக்கே தெரியும். தெரியாதவங்க அங்க இருக்காங்க. அவங்ககிட்ட சொந்தக்காரின்னுட்டு, எங்கிட்ட வந்து உண்மையச் சொல்றீங்க.”

குழாயைத் திறந்துவிட்டு மறுபடி பாத்திரத்துக்குள் குனிந்தாள்.

அத்தை மறுநாளே விடுதிக்குப் போனாள். வார்டன் ஊரில் இல்லை, இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். வாஷரைப் பற்றி, தேய்ந்த பற்களைப் பற்றி, ஏழு போட்ட புகார்களைப் பற்றி மூன்று பக்கம். பத்தாம் நாள் பதில் வந்தது. புத்தகத்தில் ஒரு நம்பர் விடுபட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி, அடுத்த பதிப்பில் வரிசையைச் சரிசெய்துவிட்டோம், இனிப் பல்சக்கரம் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தார்கள். அத்தை அதை இரண்டு முறை படித்தாள். அப்பா வாங்கிப் படித்துவிட்டு முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

வார்டன் வந்ததும் போனோம். ஏழு வருஷத்துக்கு முன்பு இருந்த அதே வார்டன்தான். மரியாதையாக உட்காரச் சொன்னார். எந்த மெஷின் என்று அவருக்கு நினைவுக்கு வரவே நேரம் பிடித்தது. அது எப்போதோ பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது, இப்போது ரொட்டி வெளியில் வாங்குகிறோம் என்றார். அத்தை சக்கரத்தை மேஜைமேல் வைத்து, முழுக்கதையையும் சொன்னாள். தன் பெயர், தான் போட்ட எண் எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க இவ்வளவு மனசு கஷ்டப்பட வேண்டாம்” என்றார் கடைசியில். “அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு. வேற ஆளு ஏற்கெனவே பார்த்து வச்சிருந்தோம். மெஷின் நிக்கலன்னாலும் அவங்கள நிறுத்தியிருப்போம்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். அத்தையின் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மெஷின் நின்றது சமையல்காரம்மாவின் தவறால் அல்ல என்று விடுதியின் தாளில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரும்படி கேட்டாள். அவர் யோசித்தார். இதனால் விடுதிக்குப் பிரச்சினை எதுவும் வராதே என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு எழுதிக் கொடுத்தார்.

கேன்டீனுக்கு நடந்து போகும்போது, வார்டன் சொன்னதையும் அந்தம்மாவிடம் சொல்லப் போகிறீர்களா என்று கேட்டேன். சொல்லாமல் இருந்தால் நல்லது என்று எனக்குப் பட்டது. கடிதத்தைக் கொடுத்தால் போதாதா.

“பாதியச் சொல்லிப் பாதிய மறைச்சுப் பேசித்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன்” என்றாள் அத்தை.

அந்தம்மா அன்று தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் சுளிக்கவுமில்லை, வாருங்கள் என்று சொல்லவுமில்லை. கடிதத்தை ஈரக் கையால் தொட விரும்பாமல், படிக்கச் சொன்னாள். அத்தை படித்தாள். ஐந்து வரிதான். பாதியிலேயே அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். பிறகு அத்தை, வார்டன் சொன்ன அந்த இன்னொரு விஷயத்தையும், ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

அவள் ஆச்சரியப்படவில்லை.

“அதுவும் தெரிஞ்சதுதான். புதுசா ஒருத்தி வந்து அடுப்படியப் பார்த்துட்டுப் போனா, நான்தான் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.” ஒரு தட்டை எடுத்துத் துடைத்து அடுக்கினாள். “ஆனா சும்மா போகச் சொல்ல அவங்களுக்கு மனசு வரல. ஒரு காகிதம் தேவைப்பட்டுது. அதை நீங்க கொடுத்தீங்க.”

அத்தை கடிதத்தை நீட்டியபடியே நின்றாள். அந்தம்மா சேலை முந்தானையில் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். நான்காக மடித்தாள். சுவரில் ஆணியில் மாட்டியிருந்த தன் சாப்பாட்டுப் பைக்குள் டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

“இதுக்காக மூணு தடவை அலைஞ்சிருக்கீங்க. சரி. இனிமே வராதீங்க” என்றாள்.

வெளியே வந்தோம். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது ஒரு பஸ் வந்து போயிற்று. அத்தை ஏறவில்லை. அடுத்ததும் போயிற்று. வெயில் நேராக முகத்தில் அடித்தது. மூன்றாவது பஸ்ஸில் நான்தான் கையைப் பிடித்து ஏற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து அத்தை ஒரு மருந்து மொத்த வியாபாரக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். பெட்டிகளைப் பிரித்து, தேதி பார்த்து, சீட்டு ஒட்டி அடுக்க வேண்டும். தொலைபேசி மேனேஜர் அறையில் மட்டும்தான். அம்மா அவளுக்குத் தினமும் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள், முன்பு அப்படிச் செய்ததில்லை. மெஷினைத் தொட்டாலும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. அத்தைதான் தொடுவதில்லை.